20 லிட்டர் லாகருக்கு ஒரு பாக்கெட் திரவ ஈஸ்ட் போதுமா?

கேள்வி:
வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறேன். இதுவரை ஏல் (சற்று வெதுவெதுப்பில் நொதிக்கும் பீர்) மட்டும்தான் போட்டிருக்கிறேன். முதல்முறையாக 20 லிட்டர் பில்ஸ்னர் (குளிரில் நொதிக்கும் லாகரில் ஒரு வகை) போடப் போகிறேன், கிராவிட்டி (நொதிக்கும் முன் உள்ள அடர்த்தி) 1.050. கையில் இருப்பது புதிய திரவ ஈஸ்ட் ஒரே ஒரு பாக்கெட், 10,000 கோடி செல். ஸ்டார்ட்டர் (ஈஸ்ட்டை முன்கூட்டியே சிறிய அளவில் பெருக்குவது) செய்தே ஆகணுமா? செய்தால் அதையும் 10 டிகிரியில்தான் வைக்க வேண்டுமா?

பதில்:
செய்தே ஆகணும். குளிரில் ஈஸ்ட் மந்தமாகத்தான் பெருகும். அதனால் லாகருக்கு ஏலைப் போல இரண்டு மடங்கு போடுவது வழக்கம்: ஒரு மில்லிக்கு, ஒரு டிகிரி பிளேட்டோவுக்கு (கரைந்துள்ள சர்க்கரையின் அளவுகோல்) 15 லட்சம் செல். உங்கள் வோர்ட் (நொதிக்கும் முன் உள்ள மால்ட் சாறு) ஏறக்குறைய 12.4 பிளேட்டோ. பெருக்கிப் பார்த்தால் 37,000 கோடி வரும். இருப்பதை மட்டும் ஊற்றினால் நொதித்தல் தொடங்கவே தாமதமாகும், கடைசியில் டையசெட்டில் என்ற பொருளின் வெண்ணெய் வாடையும் தங்கிவிடலாம்.

ஸ்டார்ட்டரை 10 டிகிரியில் வைக்காதீர்கள். 20 டிகிரியே நல்லது. இந்தக் கட்டத்தில் நமக்கு வேண்டியது செல்கள்தான், சுவையைப் பற்றிக் கவலை வேண்டாம். 2 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் பவுடர், 15 நிமிடக் கொதி, ஆறியதும் ஈஸ்ட். மேலே ஃபாயிலைத் தளர்வாக மூடுங்கள், காற்று உள்ளே போகணும். ஸ்டிர் பிளேட்டில் (காந்தத்தால் கலக்கிக்கொண்டே இருக்கும் கருவி) ஓரிரு நாள் சுற்றினால் தேவையான அளவை ஒட்டி வந்துவிடும்.

அப்புறம் ஃப்ரிட்ஜ். ஈஸ்ட் அடியில் படிந்து மேலே தெளியும்வரை பொறுங்கள். அந்தத் தெளிவைக் கொட்டிவிட்டு வண்டலை மட்டும் சேர்ப்பது லாகரில் ரொம்ப முக்கியம். சூடாக வளர்ந்த 2 லிட்டர் திரவம் பில்ஸ்னர் மாதிரி மென்மையான பீரில் அப்பட்டமாகத் தெரியும்.

கேட்டவர்:
நன்றி. என்னிடம் ஸ்டிர் பிளேட் இல்லையே?

இன்னொரு பதில்:
போகும்போதும் வரும்போதும் ஸ்டார்ட்டர் உள்ள குடுவையைப் பிடித்து நன்றாகக் குலுக்குங்கள். பெருக்கம் குறைவாக இருக்கும், அதனால் இரண்டு படியாகச் செய்யுங்கள்: முதல் ஸ்டார்ட்டரைக் குளிரவைத்து, தெளிவைக் கொட்டி, அதே வண்டலில் புதிதாக 2 லிட்டர் வோர்ட். இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் டபிள்யூ-34/70 என்ற லாகர் உலர் ஈஸ்ட் இரண்டு பாக்கெட் போடலாம், அதற்கு ஸ்டார்ட்டரே தேவையில்லை.

முதலில் பதில் எழுதியவர்:
அதுவும் சரியான வழிதான். திரவ ஈஸ்ட் என்றே முடிவானால் ஒன்று கவனியுங்கள்: வோர்ட்டை முதலில் 10 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டு, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வண்டலை அதன் பிறகு ஊற்றுங்கள். ஆக்சிஜனையும் தாராளமாகக் கொடுங்கள்.