மாடி வீட்டுக்கும் கோவில் மேடைக்கும் ஒரே ஆம்ப் போதுமா?

பாளை_தந்தி:
பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே வீட்டுக்காரர். எழுபதைத் தாண்டியவர், ஒன்பது மணிக்கெல்லாம் விளக்கை அணைத்துவிடுவார். நான் பள்ளியிலிருந்து வந்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுக் கிடாரைக் கையில் எடுப்பதே ஒன்பதரைக்குத்தான். மாதம் ஒருமுறை எங்கள் சபைக் கோவிலில் வாலிபர் ஆராதனை. டிரம்ஸ், கீபோர்டு, நான். அசனத்தன்று, அதாவது சபை விருந்தன்று, பந்தலில் வாசிக்க வேண்டும். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ், மினி லாரியில்.

இப்போது இருப்பது கல்லூரி நாளில் வாங்கிய 10 வாட் ஆம்ப், கிடார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி. சத்தத்தைக் குறைத்தால் கொசு, கூட்டினால் தகர டப்பா. டிரம்ஸ் தொடங்கிவிட்டால் நான் வாசிக்கிறேனா இல்லையா என்பது கர்த்தருக்கே வெளிச்சம். கையில் 30 ஆயிரம் சேர்த்து வைத்திருக்கிறேன். கடைக்காரர் 100 வாட் வாங்கச் சொல்கிறார். நண்பன் பழைய ரேடியோவில் இருப்பது போன்ற கண்ணாடி வால்வில் ஓடும் 15 வாட் வால்வு ஆம்ப் போதும் என்கிறான். இருவரில் யார் சொல்வது சரி?

பழைய_மெல்லிசை:
தம்பி, 22 வருடம் மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்தவன் நான். கோவில் கொடை, கல்யாண வரவேற்பு, பொருட்காட்சி எல்லாம் பார்த்தாயிற்று. முதல் பத்து வருடம் நானும் வாட்டைத்தான் எண்ணினேன். ஒரு 100 வாட் பெட்டியை மாடிப்படியில் தூக்கித் தூக்கி இடுப்பு போனதுதான் மிச்சம்.

100 வாட் என்பது 50 வாட்டின் இருமடங்கு சத்தம் இல்லை. வாட் இரட்டித்தால், சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இருமடங்காகப் பட வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அதே 3 டெசிபலை நல்ல ஸ்பீக்கர் ஒன்றே கொடுத்துவிடும். ஆகவே கடைக்காரரிடம் ஸ்பீக்கர் எத்தனை அங்குலம் என்று முதலில் கேளுங்கள். உங்கள் தகர டப்பாவுக்குள் இருப்பது சின்ன ஸ்பீக்கராகத்தான் இருக்கும். அடித்தொனி எங்கிருந்து வரும்?

உங்கள் நிலையில் நான் பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா 50 என்ற ஆம்பைத்தான் பார்ப்பேன். 12 அங்குல ஸ்பீக்கர். ஒரு திருகில் 50, 25, அரை வாட் என்று மாற்றலாம். அரை வாட் என்றதும் ஏமாற வேண்டாம், முழுதாகத் திறந்தால் அதுவும் வீட்டுக்காரரை எழுப்பிவிடும். ஒன்பதரைக்கு மேல் ஹெட்போன்தான். பகலில் வாசித்தாலும் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். தளத்தின் வழியாக இறங்கும் அதிர்வுதான் கீழ் வீட்டுக்கு அதிகம் கேட்கும். நாற்காலியில் ஏற்றிக் காதுக்கு நேராகச் சாய்த்து வையுங்கள். பாதிச் சத்தத்திலேயே உங்களுக்குக் கேட்டுவிடும்.

ஒன்று கவனியுங்கள். அந்தக் கட்டானா 50-இல் ஹெட்போனுக்கும் மேடையின் சவுண்ட் மிக்சருக்கும் ஒரே ஜாக். அதில் ஒயரைச் செருகினால் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். மேடையில் உங்களுக்கே உங்கள் வாசிப்பு கேட்காது. கோவிலில் வாசிப்பவர் பக்கம் திருப்பி வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் இல்லையென்றால், பாட்டு மைக் ஒன்றை ஸ்பீக்கர் துணிக்கு ஓரங்குலத்தில் வைத்துவிடச் சொல்லுங்கள். நடு மையத்துக்கு நேராக வைத்தால் கீச்சிடும், விளிம்புப் பக்கம் நகர்த்தினால் மென்மையாகும். சவுண்ட் சர்வீஸ்காரர் முணுமுணுப்பார், டீ வாங்கிக் கொடுங்கள்.

வால்வு_பைத்தியம்:
அண்ணாச்சி சொல்வது அத்தனையும் சரி, ஆனால் உயிர் இருக்காது. ஃபெண்டர் புளூஸ் ஜூனியர் என்ற வால்வு ஆம்பில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இரண்டு ஈஎல்84 வால்வு, 15 வாட், அதே 12 அங்குலம். விரலை அழுத்தினால் சீறும், தளர்த்தினால் தெளியும்.

பழைய_மெல்லிசை:
அந்தச் சீறல் வருவது சத்தத்தைத் திறந்த பிறகுதானே? மாடி வீட்டில் எப்போது திறப்பார்? தவிர, அவருடைய 30 ஆயிரத்துக்குப் புதியது கிடைக்காது. பழையது வாங்குவதாக இருந்தால் ஸ்பீக்கர் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

கேரல்_லாரி:
லாரிக்கு எந்தப் பெரிய ஆம்பையும் ஏற்ற வேண்டாம். குலுங்கும், பனி இறங்கும், ஜெனரேட்டர் முக்கும். நாங்கள் ஆறு ஏஏ பேட்டரியில் ஓடும் ரோலண்ட் மைக்ரோ கியூப் ஜிஎக்ஸ் என்ற குட்டி ஆம்பை மட்டும் லாரியின் மிக்சரில் செருகிவிடுவோம். அதன் 3 வாட் தெருவுக்குப் போதாது, ஆனால் தொனி அதனுடையது, சத்தம் லாரியில் கட்டிய ஹாரன் ஸ்பீக்கருடையது. யாரிடமாவது இரவல் வாங்குங்கள்.

பாளை_தந்தி:
கட்டானா வாங்கிவிட்டேன், கடையில் முகம் சுளித்தார்கள். வீட்டில் அருமை. ஆனால் ஞாயிறன்று ஒத்திகையில் இரண்டு சிக்கல். வீட்டில் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த தொனி கோவிலில் குழகுழவென்று ஆகிவிட்டது. இன்னொன்று, பாடுவதற்கு மைக்கில் வாய் வைத்ததும் உதட்டில் சுருக்கென்றது. ஆம்ப் கெட்டதா?

பழைய_மெல்லிசை:
முதலாவது உங்கள் காதின் வேலை. சத்தம் குறைவாக இருக்கும்போது காதுக்கு அடித்தொனி சரியாகக் கேட்காது. அதனால் பேஸைக் கூட்டி வைத்திருப்பீர்கள். மேடையில் அது அத்தனையும் பொங்கிவிடும். பேஸைக் குறைத்து, மிட்டை, அதாவது நடுத்தொனியை, கூட்டுங்கள். கோவிலுக்கென்று தனியாகச் சேமித்து வையுங்கள்.

இரண்டாவதை விளையாட்டாக எடுக்காதீர்கள். எர்த் இல்லாத இடத்தில் கசியும் மின்சாரம் போக வழியில்லாமல் உலோகத்தில் நிற்கும். தந்தியைப் பிடித்த கையும் மைக்கைத் தொட்ட உதடும் அதற்கு வழியாகிவிடும். 1972-இல் ஸ்வான்சீ நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துக் கிடார்காரர் மைக்கைத் தொட்டபோது மின்சாரம் பாய்ந்துதான் இறந்தார். ஆம்பைக் குறை சொல்வதற்கு முன் கோவில் பிளக்குகளைப் பாருங்கள். உறுமல் வருகிறதென்று யாராவது மூன்றாவது முனையை உடைத்திருப்பார்கள். ஆம்பும் மிக்சரும் ஒரே எர்த்தில் இருக்க வேண்டும். சரியாகும் வரை மைக்கைத் தொட வேண்டாம்.

பாளை_தந்தி:
பார்த்தாயிற்று அண்ணாச்சி. பிளக்கெல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. மேடைக்கு இழுத்த எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் திறந்தால், எர்த் துளைக்குப் பின்னால் ஒயரே இல்லை. எத்தனை வருடமாக அப்படியோ! எலெக்ட்ரீஷியன் சனிக்கிழமை வருகிறார். அதுவரை வீட்டில் ஹெட்போன்தான்.