இந்தியாவுலதான் போலியோ ஒழிஞ்சிடுச்சே, ரோட்டரில இன்னும் எதுக்கு பணம் வாங்குறாங்க?

கேள்வி – செந்தில்_திருச்சி
புதுசா ரோட்டரி க்ளப்ல சேர்ந்திருக்கேன். முதல் மீட்டிங்லயே போலியோ ஃபண்டுக்கு கேட்டாங்க, சந்தோஷமா குடுத்தேன். ஆனா நமக்கு 2014லயே சர்டிஃபிகேட் வந்தாச்சே, இந்தக் காசு இப்ப எங்க போகுது, வாலண்டியர்ஸ் நிஜமா என்ன பண்றாங்க?

பதில் – மாலதி
1988ல வருஷத்துக்கு 3.5 லட்சம் கேஸ், 125 நாடு. இப்ப வைல்ட் வைரஸ், அதாவது இயற்கையா பரவுற போலியோ வைரஸ், விடாம பரவுறது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் ரெண்டுலதான், காசுல பெரும்பகுதி அந்த மாதிரி இடத்துக்குத்தான். சுமார் 200 பேருக்கு தொத்துனா ஒருத்தருக்குத்தான் கை கால் விழும், அதனால ஒரு கேஸ் தெரியுதுன்னாலே அது எத்தனையோ பேர்கிட்ட சத்தமில்லாம சுத்தி வந்திருக்கும். அங்க விட்டா திரும்ப எங்க வேணா வரும்.

பதில் – பழைய_மொராதாபாத்வாசி
2008ல வேலை விஷயமா உ.பி. மொராதாபாத்ல இருந்தேன், அங்க க்ளப் ஆளுங்களோட வீடு வீடா போயிருக்கேன். ஐஸ் பாக்ஸைத் தோள்ல மாட்டிக்கிட்டு, ரெண்டு சொட்டு விட்டு, இடது சுண்டுவிரல்ல மார்க்கர்ல மை வச்சு, கதவுல சாக்பீஸால எழுதுவோம், முடிஞ்ச வீட்டுக்கு P, குழந்தை வெளிய போயிருந்த வீடு, வேணாம்னு சொன்ன வீட்டுக்கெல்லாம் X. அந்த X வீட்டுக்கு திரும்பத் திரும்பப் போறதுதான் உண்மையான வேலை. சொட்டு போட்டா பின்னாடி புள்ள பொறக்காதுன்னு ஒரு புரளி, நாங்க எவ்ளோ சொன்னாலும் நம்பல, அதே தெரு அக்கா ஒருத்தங்க வந்து பேசுனாங்க, மசூதி மைக்ல சொன்னாங்க, அப்புறம்தான் கதவு திறந்துச்சு. 2011 ஜனவரில ஹவுரால வந்ததுதான் நாட்டோட கடைசி வைல்ட் கேஸ், அதுக்குப் பின்னாடி இந்த மாதிரி எத்தனையோ பேரோட நடை இருக்கு.

பதில் – நிஷா_கோவை
பாகிஸ்தான்லயும் இதே வேலைதான், ஆனா உயிரைப் பணயம் வச்சு. வீட்டுக்குள்ள போய் அம்மாங்ககிட்ட பேசணும்னா பொண்ணுங்கதான் போகணும், 2012லேர்ந்து எத்தனை பேரை சுட்டிருக்காங்க, கூட காவலுக்குப் போற போலீஸ்காரங்களும் செத்திருக்காங்க. மறுநாள் திரும்ப அதே தெருவுக்குப் போற அந்தப் பொண்ணுங்களுக்கு எவ்ளோ குடுத்தாலும் தகும்.

செந்தில்_திருச்சி
ரொம்ப நன்றிங்க. என் பையனுக்கு ஊசி போட்டாச்சு, கேம்ப்ல சொட்டும் போடணுமா?

மாலதி
போடுங்க. ஊசி அவனுக்கு கால் விழாம காக்கும், சொட்டு குடல்லயே வைரஸை மடக்கும், மத்தவங்களுக்குப் பரவாது. 5 வயசு வரைக்கும் எல்லாக் குழந்தைக்கும் போடச் சொல்றாங்க.