டெவனில் மகள் வீட்டுப் பழைய மாட்டுக்கொட்டிலைக் குடியிருப்பாக மாற்ற அனுமதி பெறுவது எப்படி?

தேவகோட்டை ஆச்சி:
அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் என் மகளும் மாப்பிள்ளையும் பழைய பண்ணை வீடு ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். அதன் பின்முற்றத்தில், கல் அடித்தளத்தின் மேல் வைக்கோல் கலந்த மண்ணால் எழுப்பிய சுவரும் ஸ்லேட் கூரையுமாக ஒரு மாட்டுக்கொட்டில் நிற்கிறது. முன்பிருந்தவர்கள் பல ஆண்டுகளாக அதில் காரும் தட்டுமுட்டுச் சாமான்களும் போட்டு வைத்திருந்தார்களாம். நானும் என் கணவரும் ஆண்டில் சில மாதங்கள் அங்கே தங்குவதால், அதை எங்களுக்கென மாற்றிவிடப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். விவசாயக் கட்டடத்தை வீடாக மாற்ற பிளானிங் அனுமதிக்கு, அதாவது கட்டடப் பயன்பாட்டை மாற்றுவதற்கான அனுமதிக்கு, முழு விண்ணப்பம் தேவையில்லை என்று சொல்கிறார்கள். அது சரிதானா?

கண்டனூர் பொறியாளர்:
ஆச்சி, அவர்கள் சொல்வது கிளாஸ் க்யூ என்னும் விதி. அதன்படி கவுன்சிலிடம், அதாவது உள்ளூர் ஆட்சி மன்றத்திடம், முன் ஒப்புதல் மட்டும் கேட்டால் போதும். 56 நாட்களில் முடிவு சொல்லிவிடுவார்கள். ஆனால் அது விவசாயப் பண்ணையின் பகுதியாக இருக்கும் கட்டடத்துக்கும், முன்பு அப்படி இருந்து பிறகு வேறு வேலைக்குப் பயன்படாத கட்டடத்துக்கும்தான். பல ஆண்டுகளாகக் காரும் சாமானும் கிடந்த கொட்டிலுக்கு அந்த வழியை நம்ப வேண்டாம்.

முதலில் வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் இணையப் பட்டியலில் இலவசமாகத் தேடலாம். வீடு அதில் இருந்து, கொட்டில் அதே வளாகத்தில் 1948 ஜூலை 1க்கு முன் கட்டப்பட்டிருந்தால், பெரும்பாலும் அதற்கும் அதே பாதுகாப்பு உண்டு. அப்போது பிளானிங் அனுமதியோடு தனி ஒப்புதலும் வேண்டும். அது இல்லாமல் சுவரில் கை வைப்பது குற்றமாகும்.

அடுத்து, எப்படிக் குடியிருக்கப் போகிறீர்கள் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். பெரிய வீட்டோடு சேர்ந்து சாப்பிட்டு, அதே வாசல் வழியாகப் போய்வந்து, தூங்க மட்டும் அங்கே போவதென்றால் அது வீட்டின் துணைக்கட்டடமாகக் கருதப்பட வாய்ப்புண்டு. தனிச் சமையலறை, தனி வாசல், தனி மீட்டர் என்று போனால் அது தனி வீடாகிவிடும். அதற்கு முழு விண்ணப்பம் போட வேண்டும், வழக்கமான கெடு 8 வாரம். இரண்டையும் கலந்து வரைபடம் கொடுப்பதுதான் பெரிய சிக்கல். ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே ஆலோசனை பெறுவதற்கான கட்டணத்தைக் கட்டி, கவுன்சிலின் கருத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கூரை உத்தரங்களில் வௌவால் எச்சம் தெரிந்தாலும் விட்டுவிடாதீர்கள். அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. மாலையில் அவை வெளியேறுவதை மே முதல் செப்டம்பர் வரைதான் முறையாகக் கணக்கெடுக்க முடியும். அந்தப் பருவத்தைத் தவறவிட்டால் ஓர் ஆண்டு போய்விடும்.

பள்ளத்தூர்க்காரர்:
பொறியாளர் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மண்சுவருக்குச் சிமெண்ட் பூசவே கூடாது. எங்கள் வளவுச் சுவரின் சுண்ணாம்புப் பூச்சுக்கு மேல் ஒரு கொத்தனார் சிமெண்ட் பூசி ஒட்டுப்போட்டார். ஈரம் வெளியேற வழியின்றி மழைக்காலத்தில் அந்த இடம் மட்டும் உப்பிப் பெயர்ந்தது. டெவனின் மண்சுவர் இன்னும் மென்மையானது, ஈரம் தங்கினால் சரிந்துவிடும். சுண்ணாம்பு வேலை செய்வதாக விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். பழமையை மதிக்கிறீர்கள் என்று அதிகாரிகளுக்கும் புரியும்.

தேவகோட்டை ஆச்சி:
மிக்க நன்றி. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாங்கள் கொட்டிலில் தங்கலாமா?

கண்டனூர் பொறியாளர்:
வேண்டாம், ஆச்சி. முன்பு நான்கு ஆண்டுகள் குடியிருந்துவிட்டால் கவுன்சில் நடவடிக்கை எடுக்க முடியாது என்ற நிலை இருந்தது. 2024 ஏப்ரல் 25 முதல் அது பத்தாண்டாகிவிட்டது. அனுமதி வரும்வரை பெரிய வீட்டிலேயே தங்குங்கள். அனுமதி வந்த பின்னும், கட்டட விதிமுறைகளின் கீழ் தனி ஒப்புதல் வாங்க வேண்டும்.