கையெழுத்து ரெட்டிக்கு, மனசு கிரிக்கு: 1969-ல் இந்திரா செய்தது சரியா?

தெற்குரதவீதி:
போன வாரம் பரண் சுத்தம் செய்தபோது தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு காலண்டர் படம் கிடைத்தது. காமராஜரும் இந்திராவும் ஒரே மேடையில். இந்திரா இருக்கும் பாதியைக் கத்தரிக்கோலால் வெட்டி, அப்புறம் பின்பக்கம் காகிதம் வைத்துச் சோற்றுப் பசையால் ஒட்டியிருக்கிறது. அப்பாவிடம் கேட்டேன். "69-ல வெட்டினாரு. 76-ல இங்க பழைய காங்கிரஸ்ல பாதிப்பேரு இந்திரா பக்கம் போனப்போ ஒட்டினாரு" என்றார். பழைய காங்கிரஸ் என்பது 69-ல் கட்சி உடைந்தபோது காமராஜர் இருந்த பக்கம்.

தெரியாதவர்களுக்குக் கதைச் சுருக்கம். 1969 மே 3 அன்று குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே இறந்தார். ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் பார்லிமெண்டரி போர்டு சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக்கியது. இந்திரா ஜெகஜீவன் ராமைச் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. சரி என்று ரெட்டியின் வேட்புமனுவில் கையெழுத்தும் போட்டார். ஒரு மாதம் கழித்து 'மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள்' என்று சொல்லி, சுயேச்சையாக நின்ற வி.வி. கிரியை ஜெயிக்க வைத்தார். இது துரோகம் இல்லையென்றால் வேறு எது துரோகம்?

மூணாம்பக்கம்:
அண்ணே, இடைவேளைக்குப் பிறகு படம் பார்க்க வந்தவர் மாதிரி பேசுகிறீர்கள். பெங்களூரில் நடந்தது வேட்பாளர் தேர்வா? பதவியில் இருக்கும் பிரதமருக்குப் போட்ட கடிவாளம் அது. காமராஜர், மொரார்ஜி, எஸ்.கே. பாட்டீல், சவாண் நாலு பேரும் ஒரு பக்கம், இந்திராவும் பக்ருதீன் அலி அகமதும் மறுபக்கம். 4-க்கு 2 என்று பிரதமரைத் தோற்கடித்து அனுப்பினார்கள். நாளைக்கு ஆட்சிக்கு நெருக்கடி வந்தால் யாரைக் கூப்பிடுவது, சபையைக் கலைப்பதா வேண்டாமா என்பதெல்லாம் ராஷ்டிரபதி பவனில்தான் முடிவாகும். அந்த நாற்காலியில் சிண்டிகேட்டின், அதாவது காமராஜர் மாதிரி மூத்த தலைவர்கள் கூட்டத்தின், ஆள் உட்கார்ந்தால் இந்திராவின் கதி என்ன?

ரெட்டியும் அப்பழுக்கில்லாதவர் இல்லை. கர்நூல் பஸ் ரூட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன கருத்துக்களால் 1964-ல் ஆந்திர முதல்வர் பதவியை விட்டவர்.

தெற்குரதவீதி:
நீதிமன்றம் ஒரு வார்த்தை சொன்னதும் பதவியை விட்டாரே, அதைக் குறையாகச் சொல்கிறீர்கள் பாருங்கள்! அதற்கப்புறம் மக்களவை சபாநாயகராகவும் இருந்தார். இந்தத் தேர்தலுக்காக அதையும் ராஜினாமா செய்துவிட்டு நின்றார்.

பிரதமருக்குப் பிடிக்கவில்லை என்றால் போர்டு முடிவு செல்லாதா? அப்படியென்றால் போர்டு எதற்கு, ஓட்டெடுப்பு எதற்கு? பிடிக்காதபோது வெளியே போயிருக்கலாம். கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளேயே இருந்து வேரில் வெந்நீர் ஊற்றியதுதான் எனக்கு ஜீரணமாகவில்லை.

கணக்குப்பிள்ளை:
சண்டைக்கு நடுவில் எண்களை வைத்துவிட்டுப் போகிறேன். ஆகஸ்ட் 16 வாக்குப்பதிவு, 20 எண்ணிக்கை. மொத்தம் 15 வேட்பாளர்கள். எம்.பி., எம்.எல்.ஏ. ஓட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு உண்டு, இவை அந்த மதிப்பின் கூட்டல்: முதல் சுற்றில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, சி.டி. தேஷ்முக் 1,12,769. ஜெயிக்கத் தேவை 4,18,169. கிரிக்கு அது எட்டவில்லை. இரண்டாம் விருப்ப ஓட்டை எண்ணித்தான் தீர்க்க வேண்டியதாயிற்று. குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்படி நடந்தது அந்த ஒரு தடவைதான்.

கடைசியில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. தாண்ட வேண்டிய கோட்டைக் கிரி 1,908-ல் தாண்டினார். அப்போது ஒரு எம்.பி. ஓட்டின் மதிப்பு 576. அதாவது நாலு எம்.பி. அளவுகூட இல்லை. இரண்டு பேருக்கும் இடையே உள்ள வித்தியாசம் 14,650. பதின்மூன்று எம்.பி.க்கள் கிரிக்குப் போட்டதை ரெட்டிக்குப் போட்டிருந்தால் ரெட்டிதான் ஜனாதிபதி.

நம்மூர்க் கணக்கும் உண்டு. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஓட்டு ஒவ்வொன்றும் 144. திமுகவுக்கு 130-க்கு மேல் எம்.எல்.ஏ.க்கள், மக்களவையில் 25 பேர். கிரியைத் திமுக ஆதரித்தது. அந்த எம்.எல்.ஏ. ஓட்டுகள் மட்டுமே 14,650-ஐத் தாண்டும்.

தெற்குரதவீதி:
நன்றி கணக்கு. நான் சொல்ல வந்ததே அதுதான். 1967-ல் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்த கட்சி. 69 ஜனவரியில்தான் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்து அவர் மக்களவைக்குப் போனார். ஏழே மாதத்தில், அவரே பாடுபட்டுப் பிரதமராக்கிய அம்மா அதே திமுக ஓட்டை வைத்து அவருடைய வேட்பாளரைக் கவிழ்க்கிறார். தாத்தா ஏன் கத்தரிக்கோலை எடுத்தார் என்று இப்போது புரிகிறதா?

மூணாம்பக்கம்:
தாத்தாவின் கோபம் புரிகிறது. ஆனால் வெளியாள் ஓட்டுக்கு முதலில் கையேந்தியது யார்? கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா நேராக ஜனசங்கத்தையும் சுதந்திராக் கட்சியையும் பார்த்து, 'உங்கள் முதல் ஓட்டு தேஷ்முக்குக்குப் போகட்டும், இரண்டாவதை எங்கள் ஆளுக்குப் போடுங்கள்' என்று கேட்டார். கேட்டது கிடைத்தது. மேலே உள்ள எண்களில் கழித்துப் பாருங்கள்: இரண்டாம் விருப்பத்தில் ரெட்டிக்குக் கூடியது 91,879, கிரிக்கு வெறும் 18,562.

இது வெளியே தெரிந்ததும் ஜெகஜீவன் ராமும் பக்ருதீன் அலியும் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். ரெட்டிக்கே போட வேண்டும் என்று கட்சி எம்.பி.க்களுக்குக் கொறடா உத்தரவு போட முடியாது என்று இந்திரா மறுத்ததற்கும் இதுதான் காரணம். வலதுசாரிகளிடம் ஓட்டுக் கேட்பவருக்குக் கட்சிக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை?

ஈரோட்டுமஞ்சள்:
இது காரணம் இல்லை, சாக்கு. ஜூலை 16 அன்றே மொரார்ஜியிடமிருந்து நிதித்துறையைப் பிடுங்கியாகிவிட்டது. 19 அன்று 14 வங்கிகள் தேசியமயம். அந்த அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டதே தற்காலிக ஜனாதிபதியாக இருந்த கிரிதான். போட்ட மறுநாள் ராஜினாமா செய்துவிட்டுப் போட்டியில் குதிக்கிறார். நிஜலிங்கப்பா யாரைப் பார்த்தார் என்பதெல்லாம் அப்புறம் வந்த கதை.

இன்னொன்று, நான் காமராஜர் கட்சிக்காரன் இல்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் உதயசூரியன்தான். வங்கிகளை எடுத்தது சரி என்றே சொல்வேன். ஆனால் நல்ல காரியத்தைக் காட்டிக் கட்சிக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்வது வேறு விஷயம்.

மூணாம்பக்கம்:
கட்சிக்குள் கணக்குத் தீர்க்காத அரசியல்வாதி ஒருவரை எனக்குக் காட்டுங்கள். 1963-ல், மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போக வேண்டும் என்ற காமராஜ் திட்டத்தில் மொரார்ஜியும் பாட்டீலும் மந்திரி பதவியை இழந்தார்களே, அது என்ன ஆன்மிகமா?

கணக்குப்பிள்ளை:
ஒரு திருத்தம். வாக்குப்பதிவு ரகசியமானது. இந்திரா யாருக்குப் போட்டார் என்று சீட்டைப் பார்த்தவர் யாரும் இல்லை. தலைப்பில் 'ஓட்டு' என்று எழுதாமல் 'மனசு' என்று எழுதியதற்குத் தெற்குரதவீதிக்கு ஒரு சபாஷ்.

ஈரோட்டுமஞ்சள்:
அந்தத் தேர்தலின் அசிங்கமான பக்கத்தை யாரும் தொடவில்லை. ரெட்டியின் ஒழுக்கத்தைக் கேவலப்படுத்தி, பெயர் போடாத ஒரு துண்டறிக்கை எம்.பி.க்களுக்குத் தபாலில் போனது, மைய மண்டபத்திலும் கைமாறியது. கிரியின் வெற்றி செல்லாது என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கில் அதுவும் ஒரு குற்றச்சாட்டு. பதவியில் இருக்கும் ஜனாதிபதி கிரி நேரில் வந்து சாட்சி சொன்னார். 1970-ல் வழக்கு தள்ளுபடி. மனசாட்சி ஓட்டுக்கு அந்த மாதிரி நோட்டீஸ் எதற்கு?

மூணாம்பக்கம்:
நோட்டீஸை நான் நியாயப்படுத்தவில்லை. அது ஈனத்தனம். அதற்குக் கிரி காரணம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தெற்குரதவீதி:
விளைவைப் பாருங்கள். நவம்பர் 12-ல் நிஜலிங்கப்பா பிரதமரையே கட்சியை விட்டு நீக்கினார். கட்சி இரண்டானது. 71-ல் இரட்டைக்காளைச் சின்னம் போய் இந்திராவுக்குப் பசுவும் கன்றும், பழைய காங்கிரஸுக்கு ராட்டை நூற்கும் பெண். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு இந்திரா காங்கிரஸ் ஒரு தொகுதியில்கூட நிற்கவில்லை, எல்லாம் திமுகவுக்கு. இங்கே காங்கிரஸ் அதற்கப்புறம் யார் தோளிலாவது ஏறித்தான் போகிறது. அந்தப் பழக்கம் தொடங்கியது அன்றைக்குத்தான்.

மூணாம்பக்கம்:
அதே 71-ல் நாடு முழுக்க இந்திராவுக்கு 352 இடம், உங்கள் ஆட்களுக்கு 16. அந்த 16-ல் தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போனவர் காமராஜர் ஒருவர்தான். மக்கள் யார் பக்கம் என்று தெரிந்துவிட்டதே.

ஈரோட்டுமஞ்சள்:
ஜெயித்தால் சரி என்றால் விவாதமே வேண்டாம், ரிசல்ட் ஷீட்டை ஒட்டிவிட்டுப் போகலாம்.

பயந்தது நியாயமா என்று கேளுங்கள், அதற்குப் பதில் இருக்கிறது. 1977-ல் ரெட்டி போட்டியின்றி ஜனாதிபதியானார். 79-ல் சரண்சிங் அரசு கவிழ்ந்தபோது ஜெகஜீவன் ராம் எனக்கு வாய்ப்புக் கொடுங்கள் என்று நின்றார். ரெட்டி அவரைக் கூப்பிடவில்லை, மக்களவையைக் கலைத்தார். பெங்களூரில் தனக்கு எதிராகப் பேசப்பட்ட அதே ஜெகஜீவன் ராம்! பழைய பகையா, சட்டப்படி அதுதான் சரியா என்பதற்குத் தனித் திரி வேண்டும்.

மூணாம்பக்கம்:
பார்த்தீர்களா? அந்த நாற்காலியில் ரெட்டி என்ன செய்வார் என்று இந்திரா பத்து வருஷத்துக்கு முன்பே கணித்திருக்கிறார்.

தெற்குரதவீதி:
1980 ஜனவரி 14-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெயித்து வந்த இந்திராவுக்குப் பிரதமராகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தது அதே ரெட்டிதான். இழுத்தடிக்கவில்லை.

படத்தை ஸ்கேன் செய்து நாளை போடுகிறேன். ஒட்டின இடத்தில் கரப்பான் அரித்திருக்கிறது. இந்திராவின் கை போய்விட்டது, காமராஜரின் துண்டு மட்டும் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது.