தேர்வில் தேறி வந்த வெளிநாட்டு மாணவருக்கு மேலும் ஆங்கில உதவி தேவையா? ஒரு விவாதம் (நால்வரும் புனைபெயரில் பேசுகிறார்கள்)

எழுத்துப்பட்டறை:

வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும்போது பல்கலைக்கழகங்கள் ஐஇஎல்டிஎஸ், டோஃபல் போன்ற ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண்ணைக் கேட்கின்றன. கேட்ட மதிப்பெண்ணைப் பெற்று, கட்டணமும் செலுத்திச் சேர்ந்துவிட்ட மாணவருக்கு அதற்குப் பிறகும் மொழி உதவி தர வேண்டியது பல்கலைக்கழகத்தின் கடமையா என்பது கேள்வி. கடமைதான் என்பது என் நிலைப்பாடு. அந்த உதவி எங்கோ ஒரு தனிக் கட்டடத்தில் நடக்கும் இலக்கண வகுப்பாக இருந்தால் பயனில்லை என்பதையும், ஒவ்வொரு துறையின் பாடத்துக்குள்ளேயே, மாணவர் எழுதி ஒப்படைக்க வேண்டிய பணிகளோடு சேர்த்தே அது வழங்கப்பட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

காரணம் எளியது. ஐஇஎல்டிஎஸ் கல்விசார் தேர்வில் எழுத்துப் பகுதிக்கு 60 நிமிடங்கள். முதல் பணிக்குக் குறைந்தது 150 சொற்கள், இரண்டாவதற்குக் குறைந்தது 250 சொற்கள். எந்த நூலையும் படித்து மேற்கோள் காட்ட வேண்டியதில்லை. இரண்டு ஆசிரியர்களின் முரண்பட்ட கருத்துகளை எடைபோட வேண்டியதில்லை. பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகிறது. அந்தத் தேர்வில் தேறியவரிடம் முதல் பருவத்திலேயே இருபது கட்டுரைகளைப் படித்து, அவற்றைத் தொகுத்து, தன் முடிவையும் நிறுவி மூவாயிரம் சொற்களில் எழுதித் தரும்படி கேட்கிறோம். முன்பு சோதிக்காத திறனை இப்போது எதிர்பார்க்கும் நிறுவனம் அதைக் கற்றுக்கொடுக்கவும் வேண்டும்.

வெப்பவியல் ஆசிரியர்:

எழுத்துப்பட்டறை அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. நுழைவுத் தேர்வு போதாது என்றால் நுழைவுத் தகுதியை உயர்த்துவதுதான் நேர்மையான வழி. தயாராகாத ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, பிறகு உதவி வகுப்புக்குப் போ என்று அனுப்புவது அந்த மாணவருக்கே இழைக்கும் அநீதி. உதவித் திட்டங்கள் பெருகப் பெருக, சேர்க்கைப் பிரிவு மதிப்பெண் வரம்பைத் தளர்த்துவதற்கு அவையே சாக்காகிவிடும் என்ற அச்சமும் எனக்கு உண்டு.

மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பதில் உள்ள சிக்கலையும் கவனியுங்கள். ஒன்பது புள்ளி அளவிலான ஐஇஎல்டிஎஸ் தேர்வில் கேட்டலில் 7.5, வாசிப்பில் 7.5, பேச்சில் 6, எழுத்தில் 5.5 பெற்ற ஒருவரின் சராசரி 6.625, அது அருகிலுள்ள அரைப் புள்ளிக்கு மாற்றப்பட்டு 6.5 என்று அறிக்கையில் வரும். 6.5 கேட்கும் துறைக்குள் அவர் எளிதாக நுழைந்துவிடுவார். எழுத்தில் 5.5 பெற்றவரால் ஆய்வக அறிக்கை எழுத முடியாமல் போனால் அதில் வியக்க என்ன இருக்கிறது? பகுதிவாரியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் வைத்து, அதைக் கறாராகப் பின்பற்றினால் பாதிச் சிக்கல் வாசலிலேயே தீரும். நான் வெப்பவியக்கவியல் கற்பிக்கிறேன். என் வகுப்பில் மொழிக்கு ஒதுக்கும் ஒவ்வொரு மணியும் பாடத்திலிருந்து எடுக்கப்படும் மணி.

ஆய்வு மாணவி:

நான் ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நாட்டிலிருந்து வந்து முனைவர் பட்ட ஆய்வு செய்பவள். துறை கேட்ட மதிப்பெண்ணை ஒவ்வொரு பகுதியிலும் தாண்டியே வந்தேன். ஆய்வேட்டின் முதல் இயலை என் நெறியாளரிடம் கொடுத்தபோது, ஓரத்தில் "மொழி சரியில்லை, திருத்தவும்" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். மொழி மையத்துக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்தவர் பொறுமையாக உட்கார்ந்து காலப் பிழைகளையும் விடுபட்ட சிறு சொற்களையும் சரிசெய்தார். திருத்திய பிரதியைக் கொடுத்தேன். ஓரத்தில் மறுபடியும் அதே குறிப்பு.

கடைசியில் எங்கள் ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவர் அந்தப் பக்கத்தை வாங்கிப் படித்துவிட்டு, "இந்தப் பத்தியில் ஆறு பேர் என்ன சொன்னார்கள் என்று இருக்கிறது, நீங்கள் எதற்காக அவர்களைக் கூப்பிட்டீர்கள் என்பது இல்லையே" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு வாக்கியமும் ஓர் ஆய்வாளரின் பெயரில் தொடங்கியது. அடுத்த வாக்கியம் அடுத்தவரின் பெயரில். ஆறு பேரும் ஒத்துப்போகிறார்களா, முரண்படுகிறார்களா, எந்தக் கேள்வியை விட்டுவிட்டார்கள் என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நெறியாளருக்கு ஏதோ குறை தெரிந்தது. அதற்கு அவரிடமிருந்த ஒரே பெயர் மொழி. மொழி மையத்தவருக்கு என் துறை தெரியாது. எனவே இலக்கணத்தைத் தொட்டார்.

ஆகவே நுழைவு மதிப்பெண்ணை உயர்த்தியிருந்தாலும் இந்தக் குறை தீர்ந்திருக்காது. தனி மையத்தில் மேலும் வகுப்புகள் வைத்திருந்தாலும் தீர்ந்திருக்காது.

வெப்பவியல் ஆசிரியர்:

நீங்கள் விவரித்தது முக்கியமானது. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்களிடமும் இதே குறையை நான் பார்க்கிறேன். அவர்களும் முன்னாய்வுகளைப் பட்டியலாகத்தான் எழுதுகிறார்கள். அப்படியானால் இது ஆய்வெழுத்துப் பயிற்சி; எல்லோருக்கும் தேவை. இதற்கு வெளிநாட்டு மாணவருக்கான மொழி உதவி என்று பெயர் வைப்பானேன்?

எழுத்துப்பட்டறை:

ஐயா சொல்வதில் பெரும்பகுதி சரி. அறிவியல் கட்டுரைகளின் முன்னுரைகளை ஆராய்ந்து மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990-இல் வெளியிட்ட மாதிரி இதைத்தான் விளக்குகிறது: முதலில் களத்தை நிறுவுவது, அடுத்து அதில் நிரப்பப்படாத இடத்தைக் காட்டுவது, பிறகு அந்த இடத்தில் தன் ஆய்வை நிறுத்துவது. எந்த மொழியில் பிறந்தவரும் இந்த வரிசையைப் பிறவியிலேயே அறிந்திருப்பதில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகம், தாய்மொழி எதுவாக இருந்தாலும் புதிதாகச் சேரும் மாணவர்களுக்குக் கல்விசார் மொழிக்கான ஒரு கண்டறிதல் மதிப்பீட்டை வைத்திருக்கிறது. முதலில் குறுகிய நேரத்தில் முடியும் வடிகட்டல். அதில் சிரமம் தெரிந்தால் மட்டும் கேட்டல், வாசிப்பு, எழுத்து ஆகியவற்றில் விரிவான சோதனை. சேர்க்கையை அது பாதிப்பதில்லை. யாருக்கு எந்த உதவி பொருந்தும் என்று சொல்வதற்காகவே நடத்தப்படுகிறது. எல்லோரும் எழுதுவதால் யாருடைய நெற்றியிலும் முத்திரை விழுவதில்லை.

ஆனாலும் வேறுபாடு இல்லை என்று சொல்லிவிட முடியாது. அன்றாடப் பேச்சுக்கான மொழித்திறனும் கல்விக்கான மொழித்திறனும் வெவ்வேறு வேகத்தில் வளர்பவை என்று இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் பிரித்துக் காட்டினார். முதலாவது ஓரிரு ஆண்டுகளில் கைவரும். இரண்டாவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்கூட ஆகலாம். நம் முதுநிலைப் படிப்போ ஓரிரு ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. கடையில், விடுதியில், நடைவழியில் சரளமாகப் பேசும் மாணவரைப் பார்த்து, இவருக்கு மொழி ஒரு தடையே இல்லை என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம்.

வெப்பவியல் ஆசிரியர்:

கம்மின்ஸ் பேசியது பள்ளிக்குச் செல்லும் குடியேறியவர்களின் பிள்ளைகளைப் பற்றி. சொந்த மொழியில் ஒரு பட்டமே முடித்துவிட்டு வரும் இருபத்திரண்டு வயதுக்காரருக்கு அந்த ஆண்டுக் கணக்கை அப்படியே பொருத்துவது முறையன்று. அவரிடம் கருத்துகள் ஏற்கெனவே இருக்கின்றன. வாதம் செய்யவும் தெரியும்.

எழுத்துப்பட்டறை:

ஆண்டுக் கணக்கைப் பொறுத்தவரை உங்கள் மறுப்பு நியாயமானது. இரு திறன்களும் வெவ்வேறு என்ற பகுப்பை மட்டும் வைத்துக்கொள்கிறேன்; என் வாதத்துக்கு அது போதும்.

பொதுநோக்கு:

மாணவர் சேவைப் பிரிவில் பணியாற்றுகிறேன் என்பதால் நடைமுறையிலிருந்து பேசுகிறேன். துறைக்குள் இணைப்பது கேட்க நன்றாக இருக்கிறது, துறைகள் செய்யாது. இருபது துறைகளுக்கு இருபது எழுத்துப் பயிற்றுநர்களை யார் நியமிப்பது, யார் சம்பளம் தருவது? கட்டாய வகுப்பு என்றால் அதற்கு கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் புள்ளி, உண்டா இல்லையா என்ற கேள்வி வரும். அமெரிக்காவின் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் பருவந்தோறும் முழுப் பாடச்சுமையை எடுத்தாக வேண்டும். அதன் மேல் பட்டத்தில் சேராத ஒரு வகுப்பை ஏற்றினால் அவர் இரட்டைச் சுமை சுமப்பார், கட்டணமும் கூடும். அதனால் மைய அளவில், விருப்பமுள்ளவர் வந்து பெறும் சேவையே நடைமுறைக்கு உகந்தது என்கிறேன். அதில் ஒரு பெரிய குறை இருக்கிறது. மிகவும் தேவைப்படுபவர் வருவதில்லை. ஓரளவு நன்றாக எழுதுபவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

ஆய்வு மாணவி:

ஏன் வருவதில்லை என்று கேட்டீர்களானால் சொல்கிறேன். வகுப்பு வைக்கும் நேரம் ஆய்வக நேரத்தோடு மோதுகிறது. அறிவிப்பில் "மொழியில் பின்தங்கியவர்களுக்கு" என்ற பொருள்படும் வரி இருக்கிறது; தன் நாட்டில் வகுப்பின் முதல் மாணவராக இருந்தவர் அந்த வரியைப் படித்துவிட்டு அந்தக் கதவைத் தட்டுவாரா? அப்படியே போனாலும் அங்கே செய்யும் பயிற்சி நாளை ஒப்படைக்க வேண்டிய அறிக்கையோடு தொடர்பில்லாதது. இரவு இரண்டு மணிவரை விழித்து வேலை செய்பவருக்குத் தொடர்பில்லாத பயிற்சிக்கு ஒதுக்க நேரம் இல்லை. அதைச் சோம்பலாகப் பார்க்கக் கூடாது.

வெப்பவியல் ஆசிரியர்:

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு என்னிடம் வரும் அறிக்கைகளின் ஆங்கிலம் பிசிறில்லாமல் இருக்கிறது. பிழை திருத்தும் வேலையைக் கருவியே செய்துவிடும்போது இவ்வளவு பணத்தை எதற்குச் செலவிட வேண்டும்?

எழுத்துப்பட்டறை:

பிழை திருத்தம் மட்டுமே நோக்கமாக இருந்தால் செலவிட வேண்டாம் என்றே நானும் சொல்வேன். ஆனால் ஆய்வு மாணவி காட்டிய அந்தப் பத்தியை நினைத்துப் பாருங்கள். அதைக் கருவியிடம் கொடுத்தால் ஆறு பேரின் பட்டியல் அழகான ஆங்கிலத்தில் திரும்பி வரும். குறை அப்படியே இருக்கும், கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தும் போகும். கருத்தரங்கில் கேள்வி எழும்போதும், வாய்மொழித் தேர்வில் தன் முடிவைக் காத்துப் பேசும்போதும் மாணவர் தனியாகத்தான் நிற்க வேண்டும்.

கருவி பயன்படுத்தாதவருக்கும் இடர் உண்டு என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், இயந்திர எழுத்தைக் கண்டுபிடிக்கும் ஏழு கருவிகளிடம், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் தாங்களே எழுதிய டோஃபல் கட்டுரைகளைக் கொடுத்தார்கள். அந்தக் கருவிகள் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்ட கட்டுரைகளை இயந்திரம் எழுதியவை என்று தவறாகக் குறித்தன. எளிய, எதிர்பார்க்கத்தக்க சொற்களில் எழுதுபவரே சந்தேகத்துக்கு உள்ளாகிறார். உழைத்து எழுதிய மாணவரை ஒரு மென்பொருளின் விழுக்காட்டைக் காட்டி விசாரணைக்கு அழைப்பதை என்னால் எந்த நிலையிலும் ஏற்க முடியாது.

வெப்பவியல் ஆசிரியர்:

அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. விழுக்காட்டை மட்டும் வைத்துக் குற்றம் சாட்டக் கூடாது. ஆனால் தேர்வறையில் வெளிநாட்டு மாணவருக்குக் கூடுதல் நேரம் தர வேண்டும் என்ற கோரிக்கையும் இப்போது எழுகிறது. அதைக் கடுமையாக எதிர்க்கிறேன்.

ஆய்வு மாணவி:

உங்களுக்கு வியப்பாக இருக்கலாம், நானும் எதிர்க்கிறேன். கூடுதல் நேரம் என்பது சலுகையாகத் தோன்றும். சான்றிதழின் மதிப்பைப் பற்றிய கேள்வியாக அது திரும்பி வரும். அதற்குப் பதில் வினாக்களைப் பாருங்கள். நான் எழுதிய ஒரு புள்ளியியல் தேர்வில் நிகழ்தகவைச் சோதிக்கும் வினா, பேஸ்பால் ஆட்டத்தின் விதிகளைத் தெரிந்தவருக்கே புரியும்படி அமைந்திருந்தது. கணக்கு எனக்குத் தெரியும். ஒரு பந்தை அடித்தவர் எப்போது ஆட்டமிழப்பார் என்பது தெரியாததால் எந்த எண்ணை எங்கே பொருத்துவது என்று தெரியவில்லை. அந்த வினாவை நாணயத்தைச் சுண்டுவதாக மாற்றியிருந்தால் யாருக்கும் ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகத் தேவைப்பட்டிருக்காது. விரிவுரையிலும் அப்படித்தான். படவில்லைகளை முதல் நாளே தந்துவிடுவது, கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் வகுப்பைப் பார்த்துப் பேசுவது, பின்வரிசையிலிருந்து எழும் கேள்வியை ஒலிவாங்கியில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்வது: இவற்றுக்குப் பாட நேரம் குறையாது.

வெப்பவியல் ஆசிரியர்:

இவற்றை இந்தப் பருவத்திலேயே செய்ய முடியும், செய்கிறேன். எழுத்தைப் பொறுத்தவரை ஒன்றுக்கு மட்டும் இசைகிறேன். முதல் ஆய்வக அறிக்கையின் வரைவை, மதிப்பெண் போடுவதற்கு முன்பு, எழுத்துப் பயிற்றுநர் ஒருவரும் நானும் சேர்ந்து படித்து ஒரே குறிப்பாக எழுதித் தருகிறோம். எல்லா மாணவருக்கும், வெளிநாட்டவருக்கு மட்டும் என்றில்லை. பயிற்றுநரின் சம்பளம் வெளிநாட்டு மாணவர்கள் செலுத்தும் கட்டணத்திலிருந்து வர வேண்டும். துறையின் நிதியிலிருந்து அன்று. எழுத்துப் பகுதிக்குத் தனிக் குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பொதுநோக்கு:

ஒரு துறையில் ஒரு பாடத்தில் ஒரு பருவம் என்றால் அதற்கு நிதி ஒதுக்கும்படி கேட்க என்னால் முடியும். எல்லாத் துறைகளுக்கும் என்றால் இப்போதைக்கு இயலாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எழுத்துப்பட்டறை:

பகுதிவாரிக் குறைந்தபட்சத்தை நான் எதிர்க்கவில்லை. அதை உயர்த்திக்கொண்டே போவதைத்தான் எதிர்க்கிறேன். தேர்வுக் கட்டணத்தையும் பயிற்சி வகுப்புக் கட்டணத்தையும் மீண்டும் மீண்டும் கட்ட இயலாதவரே அதில் முதலில் வெளியேறுவார். உங்கள் ஆய்வக அறிக்கைக்கான மதிப்பெண் பிரிப்பில் "மொழி" என்று ஒரே வரி இருப்பதாக அறிகிறேன். அதை இரண்டாகப் பிரிக்க முடியுமா என்று கேட்கிறேன்: முடிவும் அதற்கான சான்றும் தெளிவாக இணைந்திருக்கின்றனவா என்பதற்கு ஒரு வரி, பொருளைக் குலைக்கும் பிழைகளுக்கு ஒரு வரி. பொருளைக் குலைக்காத சிறு பிழைகளுக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம்.

வெப்பவியல் ஆசிரியர்:

முதல் வரிக்கு உடன்படுகிறேன். சிறு பிழைகளை முற்றிலும் விட்டுவிடுவதற்கு உடன்பட மாட்டேன். பொறியாளர் எழுதும் பாதுகாப்புக் குறிப்பில் விடுபட்ட ஒரு சிறு சொல் பொருளையே மாற்றிவிடும். எது சிறு பிழை, எது பொருளைக் குலைப்பது என்பதை வரைவுகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் முடிவுசெய்ய முடியும். சென்ற பருவத்து அறிக்கைகள் பத்தினைப் பெயர் நீக்கி அனுப்புகிறேன். நீங்கள் குறித்துக் காட்டுங்கள், நானும் தனியாகக் குறிக்கிறேன்.