மாரிக்கு ஏற்ற மழைக்கோட்டுத் துணி எது? அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடிக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்கிறேன். சென்ற மாரியில் அணிந்த ரப்பர் பூச்சு மழைக்கோட்டுக்குள் ஒரு துளி மழைகூட இறங்கவில்லை. ஆனால் அதைக் கழற்றியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, கோட்டுக் கையின் உட்புறத்தில் வியர்வை முத்துமுத்தாகத் திரண்டு நின்றது.

இப்போது இரண்டு துணிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று பொலியூரித்தேன் பூசிய நைலோன். அதன் நீர்த்தடுப்பு 10,000 மில்லிமீற்றர், அதாவது 10 மீற்றர் உயர நீர்நிரலின் அழுத்தத்தைத் தாங்கும். 24 மணித்தியாலத்தில் ஒரு சதுர மீற்றர் துணியூடாக 5,000 கிராம் நீராவி வெளியேறும். மற்றையது நுண்துளை மென்படலம் ஒட்டிய மூன்றடுக்குத் துணி. அதற்கு இரண்டு அளவும் 20,000, விலையோ மும்மடங்கு.

கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள ஆவியமுக்க வேறுபாடே வியர்வை ஆவியை வெளியே தள்ளுகிறது என்பதால், கார்த்திகை, மார்கழியில் வாவிக்கரைக் காற்று வெதுவெதுப்பாகவும் ஈரம் நிறைந்தும் இருக்கும்போது அந்த 20,000 கிராம் என்ற நீராவி அளவு இங்கே எவ்வளவு பயன் தரும் என்பதே என் பெரிய சந்தேகம். மேற்பரப்பின் நீர்விலக்கும் பூச்சு தேய்ந்தால் துணி நீரை உறிஞ்சி, ஆவி செல்லும் வழியும் அடைபட்டுவிடும். பரிசோதனை முறைகளும் ஒன்றல்ல என்பதால் எண்களை நேரடியாக ஒப்பிடவும் மனம் ஒப்பவில்லை.

மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் மூன்றடுக்குக் கோட்டை இரண்டு மாரியாவது பாவித்தவர்கள், உள்ளே உண்மையில் வியர்வை குறைந்ததா என்று தயவுசெய்து கூறுங்கள். அக்குளின் கீழ் சிப் வைத்த மலிவான நைலோன் கோட்டே போதுமா? தையல்மேல் ஒட்டிய நாடா நம் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் எவ்வளவு காலம் தாங்கியது?