வார்டுல கம்ப்யூட்டர் வந்தாச்சு, நோட்டு மட்டும் போகல. உங்க ஆஸ்பத்திரில எப்படி?

மல்லிகை_சிஸ்டர்:
வணக்கம். கவர்மெண்ட் ஆஸ்பத்திரில மெடிசின் வார்டு ஸ்டாஃப் நர்ஸ், 19 வருஷ சர்வீஸ். ரெண்டு மாசமா அட்மிஷன், டிஸ்சார்ஜ், மருந்து இண்டெண்ட் (வார்டுக்கு வேணுங்கற மருந்து கேட்டு எழுதற பட்டியல்) எல்லாம் சிஸ்டத்துல ஏத்தணும். ட்ரெய்னிங்னு ஒரே ஒரு மதியம் கூட்டமா உக்கார வச்சு திரையில காட்டுனாங்க, அவ்ளோதான். நைட்ல நான் ஒருத்தி, 40 பேஷண்ட், சிஸ்டத்துல ஏத்துனதையே திரும்ப ரிப்போர்ட் புக்லயும், தினம் எத்தன பேஷண்ட்னு கணக்கு வைக்கற சென்சஸ் நோட்லயும் எழுதணும். போன வாரம் ஏத்திட்டு இருக்கும்போதே ஒரு தாத்தாவுக்கு டிரிப் முடிஞ்சு ட்யூப்ல ரத்தம் ஏறிடுச்சு, அவர் பொண்ணு ஓடி வந்து சொல்லித்தான் பாத்தேன். இன்னும் மனசு ஆறல. மீட்டிங்ல சொன்னா சீனியர்களுக்கு கத்துக்க இஷ்டமில்லங்கறாங்க. கத்துக்கத்தான் கேக்கறேன், யார்கிட்ட கேக்கறது?

தெக்கத்தி_நர்ஸ்:
அக்கா, உங்க மேல தப்பே இல்ல. எங்க வார்டுலயும் ரெட்டை வேலைதான் எல்லாரையும் வெறுக்க வச்சது. ஆடிட்ல நோட்டு கேப்பாங்கன்னு பயந்துதான் யாரும் நிறுத்தல. சூப்பரிண்டெண்ட்கிட்ட போய் 'இந்தத் தேதிக்கு மேல சென்சஸ் நோட்டு வேணாம், பிரிண்ட் எடுத்து கையெழுத்து போட்டு ஃபைல் பண்றோம்'னு எழுத்துலயே ஆர்டர் வாங்குனோம். அப்புறம் நல்லா கத்துக்கிட்ட ஒரு சிஸ்டரை பத்து நாள் பேஷண்ட் போடாம விட்டாங்க, நைட்லயும் கூடவே நின்னு சொல்லிக் குடுத்தாங்க.

சர்வர்_ரூம்:
நான் ஐடி சைடு. எங்க ஆளுங்க காலைல மட்டும் வர்றது பெரிய தப்பு, நைட்டுக்கு ஒரு போன் நம்பராவது கேட்டு வாங்குங்க. இன்னொண்ணு, அவசரத்துல அடுத்தவங்க பாஸ்வேர்டுல ஏத்தாதீங்க, நாளைக்கு கேஸ்னு வந்தா யார் பேர்ல லாகின் இருக்கோ அவங்கதான் பதில் சொல்லணும்.

கிராம_செவிலியர்:
நான் விஎச்என், அதாவது கிராம சுகாதார செவிலியர். கர்ப்பிணிங்க விவரத்தை ஏத்தற பிக்மிங்கற அரசு சிஸ்டம் வந்தப்ப நானும் அழுதிருக்கேன், பகல்ல வீடு வீடா போயிட்டு ராத்திரி உக்காந்து என்ட்ரி போடணும். ஆனா தலைப்பிரசவத்துக்கு பொண்ணு அம்மா வீட்டுக்கு வேற மாவட்டம் போனாலும், கர்ப்பத்தைப் பதியும்போது குடுக்கற அந்த 12 இலக்க ஆர்சிஎச் நம்பரைப் போட்டா ஹீமோகுளோபின், பிரஷர் எல்லாம் அங்க இருக்கற சிஸ்டர் பாக்கலாம். அது புரிஞ்சப்புறம்தான் எனக்கு அந்த வேலை மேல கோவம் குறைஞ்சது. உங்களுக்கு அப்படி ஒரு பலனை யாராவது காட்டுனாங்களா?

மல்லிகை_சிஸ்டர்:
இல்லம்மா, எங்ககிட்ட யாரும் காட்டல. எழுத்துல ஆர்டர் கேக்கலாம்னு தோணவே இல்ல எனக்கு. திங்கக்கிழமை ஹெட் நர்ஸ் அம்மாவோட போறேன், நைட் போன் நம்பரும் சேத்தே கேக்கறேன்.